ஏலம் விட்டவருக்கும் பொறுப்பு உண்டு

2025 மே 7-ஆம் தேதி ஹாங்காங்கில் சோத்பி நிறுவனம் ஓர் ஏலம் நடத்துவதாக இருந்தது. ஏலத்துக்கு வந்தவை புத்தர் பெருமானின் அஸ்தியோடு சேர்த்துப் புதைக்கப்பட்டிருந்த ரத்தினங்கள். உத்தரப் பிரதேசத்தில், நேபாள எல்லையை ஒட்டிய பிப்ரவா என்ற ஊரில், 1898-ல் ஒரு பழைய ஸ்தூபியைத் தோண்டியபோது கிடைத்தவை. தோண்டியவர் வில்லியம் கிளாக்ஸ்டன் பெப்பே என்ற ஆங்கிலேயர். அந்தப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் நிர்வாகி. அஸ்தியை சயாம் மன்னருக்குக் கொடுத்தார்கள். ரத்தினங்களில் பெரும்பகுதி கல்கத்தா மியூசியத்துக்குப் போயிற்று. ஒரே மாதிரியானவை என்று ஒதுக்கிய ஒரு பங்கை பெப்பேயிடமே விட்டுவிட்டார்கள். அந்தப் பங்கைத்தான் அவருடைய கொள்ளுப்பேரன் விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

ஏலத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நம் மத்திய கலாசார அமைச்சகம் சட்ட நோட்டீஸ் அனுப்பியது. கொள்ளுப்பேரனுக்கு மட்டுமல்ல, ஏல நிறுவனத்துக்கும் சேர்த்து. ஏலம் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு கோத்ரெஜ் குழுமம் விலை கொடுத்து வாங்க, ஜூலை 30-ஆம் தேதி ரத்தினங்கள் இந்தியா வந்து சேர்ந்தன.

வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கிற எங்கள் கூட்டத்தில் இந்தச் செய்தி ஒரு வாரம் ஓடியது. பலசரக்குக் கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக இருக்கிற நண்பர் ஒருவர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். “அண்ணாச்சி, பொருளு ஒருத்தன் கையில இருக்கு. வித்துத் தாங்கன்னு சொன்னதும் அவன்தான். நடுவுல நின்னு ஒரு தரம், ரெண்டு தரம்னு கூவுனவன் என்ன செய்வான்? அவன்ட்ட போயி நோட்டீஸ் குடுத்தா அது நியாயமா?”

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஏல நிறுவனங்களும் இதையேதான் சொல்லி வருகின்றன: நாங்கள் விற்பவரின் ஏஜென்ட், அவ்வளவுதான் என்று. கல்லூரியில் வணிகச் சட்டம் நடத்தியே காலத்தைக் கழித்தவன் என்பதால், சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை எழுதலாம் என்று தோன்றியது. சட்டம் நண்பர் நினைத்த மாதிரி இல்லை. இது நம் தாமிரபரணிக் கரைக்கு மிக நெருக்கமான விஷயமும்கூட.

நெருக்கம் எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982-ல் திருடு போனார். வழக்குப் பதிவாகி, கண்டுபிடிக்க இயலவில்லை என்று மூடப்பட்டது. 2001-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடம் ஒரு நடராஜரை விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1958-ல் நம் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படத்தோடு ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. 2019 செப்டம்பரில், 37 வருஷம் கழித்து, நடராஜர் தமிழ்நாடு திரும்பினார்.

அத்தாளநல்லூர் மூன்றீஸ்வரமுடையார் கோயிலின் கல் துவாரபாலகர்கள் இருவர் 1990-களின் நடுவில் காணாமல் போனார்கள். அவர்கள் நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் வழியாக ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். நம் மாவட்டத்து நரசிங்கநாதர் சுவாமி கோயிலிலிருந்து 1985 வாக்கில் போன கங்காளமூர்த்தியும் நந்திகேசுவரரும் அமெரிக்காவிலிருந்து மீட்கப்பட்டார்கள். 2022 ஜூனில் டெல்லியில் 10 சிலைகளைத் தமிழக அரசிடம் ஒப்படைத்தபோது இந்த நால்வரும் அதில் இருந்தார்கள். பத்தில் நாலு நம் ஜில்லாவுக்கு உரியவை. ஊர்ப் பெருமை பேச இது இடமில்லை. நாம் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்பதற்குத்தான் சொல்கிறேன்.

இவை எல்லாம் ஏலத்தில் போனவை என்று நான் சொல்லவில்லை. சில, வியாபாரிகள் கை மாறிப் போனவை. ஏலத்தில் போனதற்கும் உதாரணம் உண்டு. கும்பகோணம் பக்கம் சுந்தரபெருமாள்கோவில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலின் திருமங்கையாழ்வார் செப்புத் திருமேனி, 1967-ல் லண்டன் சோத்பி ஏலத்தில் விலைபோய் ஆக்ஸ்போர்டு அஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அதே ஆழ்வார் 1957-ல் தன் கோயிலில் இருந்ததற்குப் பிரெஞ்சு நிறுவனத்தின் படம் சாட்சி. கோயிலில் படம் எடுத்துப் பத்தே வருஷத்தில் லண்டன் ஏல மேடை!

இனிச் சட்டத்துக்கு வருவோம். நமக்குப் பழக்கமான கமிஷன் மண்டியிலிருந்தே தொடங்கலாம்.

களக்காட்டு விவசாயி ஒருவர் வாழைத்தாரை மண்டிக்கு அனுப்புகிறார். மண்டிக்காரர் அதை ஏலம் விட்டு, தன் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கிறார். தார் அவருடையதல்ல. அவர் விற்றுக் கொடுப்பவர் மட்டும். இந்த உறவுக்கு 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் தனி அத்தியாயமே உண்டு. அனுப்பியவர் சொன்னபடி நடக்க வேண்டும் (பிரிவு 211). அந்தத் தொழிலில் இருப்பவருக்கு உரிய திறமையோடும் கவனத்தோடும் செய்ய வேண்டும் (212). கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் (213). சிக்கல் வந்தால் அனுப்பியவருக்குத் தகவல் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும் (214). தானே பினாமி பெயரில் வாங்கிக்கொண்டு அதை மறைத்தால், அனுப்பியவர் அந்த வியாபாரத்தையே ஏற்க மறுக்கலாம் (215). கமிஷனும் செலவும் போக மிச்சத்தை ஒப்படைத்தாக வேண்டும் (217, 218).

ஏலத்துக்கென்று தனியாக 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டத்தில் 64-ஆவது பிரிவு இருக்கிறது. விற்பவர் தானும் கேட்கப் போவதாக முன்கூட்டியே அறிவிக்காவிட்டால், அவரோ அவருடைய ஆளோ ஏலம் கேட்கக் கூடாது. ஏலம் விடுபவர் தெரிந்துகொண்டே அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஆளை வைத்து விலையை ஏற்றினால் வாங்கியவர் விற்பனையை ரத்து செய்யலாம். கூட்டத்தில் ரெண்டு பேரை நிறுத்தி விலையை ஏற்றுகிற வித்தையை நம் ஊர் ஏலங்களில் பார்க்காதவர் யார்?

ஆக, ஏலம் விடுபவர் விற்பவருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும் என்பது சரிதான். சட்டமே அதைச் சொல்கிறது. அந்த விசுவாசத்திலும் இந்தப் பெரிய நிறுவனங்கள் எல்லாக் காலத்திலும் சுத்தமாக இருந்துவிடவில்லை. 1975-லிருந்து லண்டனில் கிறிஸ்டியும் சோத்பியும் விற்பவரிடம் வாங்குகிற கமிஷனோடு, வாங்குபவரிடமும் ஒரு கட்டணம் வசூலிக்கத் தொடங்கின. பிறகு 1990-களில், விற்பவர்களிடம் வாங்கும் கமிஷனை இரண்டு நிறுவனங்களும் ரகசியமாகக் கூடிப் பேசி ஒரே அளவில் நிறுத்தியது அம்பலமாயிற்று. அமெரிக்காவில் வாடிக்கையாளர்களின் வழக்கை முடிக்க இரண்டும் சேர்ந்து 51 கோடியே 20 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டன. சோத்பியின் தலைவராக இருந்த ஆல்ஃபிரட் டாப்மனுக்குச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. யாருக்கு விசுவாசமான ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டார்களோ அவர்களையே ஏமாற்றிய கதை அது.

திறமை பற்றியும் ஒரு சுவாரசியமான வழக்கு உண்டு. 1985-ல் இங்கிலாந்தில் ஒரு தம்பதி, வேட்டை நாய்கள் வரைந்த இரண்டு சிறிய ஓவியங்களை உள்ளூர் ஏலக்காரரிடம் கொடுத்தார்கள். 840 பவுனுக்குப் போயிற்று. சில மாதங்களில் அதே ஓவியங்கள், ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்ற பெரிய ஓவியருடையவை என்று சோத்பி ஏலத்தில் 88,000 பவுனுக்கு விலைபோயின. தம்பதி உள்ளூர் ஏலக்காரர் மேல் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து, மேல்கோர்ட்டில் தோற்றார்கள். உள்ளூர் ஏலக்காரர் ஊர் டாக்டரைப் போன்றவர், அவரிடம் ஸ்பெஷலிஸ்டின் அறிவை எதிர்பார்க்க முடியாது என்பது மேல்கோர்ட்டின் வாதம். ஒத்துக்கொள்வோம். அப்படியானால் ஸ்பெஷலிஸ்டிடம் ஸ்பெஷலிஸ்டின் அறிவை எதிர்பார்க்கலாம் அல்லவா? உலகத்திலேயே பெரிய ஏல நிறுவனம், சோழர் செம்பையும் பாண்டியர் கல்லையும் பார்த்த மாத்திரத்தில் நூற்றாண்டு சொல்லும் நிபுணர்களை வைத்திருக்கிறது. விலை சொல்லும்போது எல்லாம் தெரிகிறது. எந்தக் கோயிலில் இருந்து வந்தது என்று கேட்டால் மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்றால் எப்படி?

இதுவரை சொன்னது விற்பவருக்கும் ஏலக்காரருக்கும் இடையில் உள்ள கடமை. நண்பரின் கேள்வி மூன்றாவது ஆளைப் பற்றியது. பொருளின் உண்மையான சொந்தக்காரர் வந்து நின்றால் என்ன ஆகும்?

ஒப்பந்தச் சட்டத்தின் 223-ஆவது பிரிவில் ஓர் உதாரணம் இருக்கிறது. வகுப்பில் மத்தியானம் மூன்றாவது பீரியடில் தூங்கி வழிகிற பையன்களையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் உதாரணம். என் வார்த்தையில் சொல்கிறேன். ராமன் தன்னிடம் இருக்கிற ஒரு பொருளை விற்றுத் தரும்படி குமாரிடம் சொல்கிறான். அதை விற்க ராமனுக்கு உரிமை இல்லை. அது குமாருக்குத் தெரியாது. குமார் விற்றுப் பணத்தை ராமனிடம் கொடுத்துவிடுகிறான். பிறகு உண்மையான சொந்தக்காரர் வந்து குமார் மேல் வழக்குப் போட்டு, பொருளின் மதிப்பையும் செலவையும் வாங்கிவிடுகிறார். அப்போது குமாருக்கு ஏற்பட்ட நஷ்டத்தை ராமன் ஈடுகட்ட வேண்டும்.

கவனித்துப் பாருங்கள். சொந்தக்காரர் குமார் மேல் வழக்குப் போட முடியுமா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. போடுவார், ஜெயிப்பார் என்று சட்டம் சாதாரணமாக எடுத்துக்கொண்டு மேலே போகிறது. குமாருக்கு ஒன்றும் தெரியாது என்பதும், பணம் முழுவதையும் ராமனிடம் கொடுத்துவிட்டான் என்பதும் அவனைக் காப்பாற்றவில்லை. ஒரே ஆறுதல், அவன் ராமனைத் தேடிப் பிடித்து வசூல் செய்துகொள்ளலாம். அந்த அலைச்சல் ஏஜென்ட் பாடு. சொந்தக்காரர் பாடு அல்ல. தெரிந்தே திருட்டுப் பொருளை விற்றுக் கொடுத்திருந்தால் அந்த ஆறுதலும் இல்லை. குற்றச் செயலுக்கு ஈட்டுத்தொகை கிடையாது என்கிறது அடுத்த பிரிவு, 224. கூடவே பழைய இ.பி.கோ. 411, 414, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 317 எல்லாம் வந்து நிற்கும்.

இந்த உதாரணத்தை ஒத்த பழைய இங்கிலாந்து வழக்கு ஒன்று உண்டு: 1827-ஆம் வருஷத்து ஆடம்சன் எதிர் ஜார்விஸ். ஏலக்காரர் ஒருவர், கொடுத்தவரை நம்பி மாடுகளை ஏலம் விட்டார். மாட்டுக்குச் சொந்தக்காரர் வேறு ஆள் என்று பிறகு தெரிந்தது. சொந்தக்காரருக்கு ஏலக்காரர்தான் பணம் கட்டினார். கட்டிவிட்டு, விற்கச் சொன்னவர் மேல் வழக்குப் போட்டுத் திரும்ப வாங்கினார். 1892-ல் கர்ட்டிஸ் என்ற ஏலக்காரர் வழக்கிலும், நல்லெண்ணத்தோடு வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டு ஒப்படைத்தவர் உண்மையான உரிமையாளருக்குப் பொறுப்பு என்றே தீர்ப்பு. ஆகவே லண்டன்காரர்களுக்கு இது கீழ்நாட்டுச் சட்டம் என்று தள்ளிவிட வழியில்லை. அவர்கள் ஊர்ச் சட்டம்தான்.

நண்பரிடம் நான் சொன்ன பதிலும் மாட்டு உதாரணம்தான். “மேலப்பாளையம் சந்தைல செவ்வாய்க்கிழமை ஒரு தரகர் திருட்டு ஆட்டை வித்துக் குடுத்துட்டாருன்னு வைங்க. ஆட்டுக்காரன் வந்து அவரைப் பிடிக்க மாட்டானா? நான் சும்மா கை காட்டுனேன்னு சொன்னா விட்டுருவானா?” நண்பர் சிரித்தார். நல்ல தரகர் தெரியாத ஆள் கொண்டுவந்த ஆட்டில் கையே வைக்க மாட்டார் என்றார். அவ்வளவுதான் விஷயம். சந்தைத் தரகரிடம் நாம் எதிர்பார்க்கிற அந்த எச்சரிக்கையைத்தான் பெரிய ஏல நிறுவனத்திடமும் கேட்கிறோம்.

இந்த எச்சரிக்கைக்குக் குறுக்கே நிற்பது ரகசியம். பெரிய ஏலங்களின் அட்டவணையில் விற்பவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ‘ஒரு ஐரோப்பியச் சேகரிப்பு’, ‘ஒரு கனவானின் உடைமை’ என்று இருக்கும். விற்பவரின் ரகசியத்தைக் காப்பது ஏஜென்ட்டின் கடமை என்பது அவர்கள் வாதம். 2013-ல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச அப்பீல் கோர்ட்டும், ஏல ஒப்பந்தம் செல்லுபடியாக விற்பவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, ஏலக்காரர் பெயர் போதும் என்று ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது.

நம் ஒப்பந்தச் சட்டம் இதை வேறு விதமாகப் பார்க்கிறது. ஏஜென்ட் தான் செய்யும் ஒப்பந்தத்துக்குப் பொதுவாகச் சொந்தப் பொறுப்பாளி அல்ல. ஆனால் யாருக்காக விற்கிறேன் என்று பெயர் சொல்லாத ஏஜென்ட், தானே பொறுப்பேற்றதாகக் கருதப்படுவார். இது 230-ஆவது பிரிவு. எனக்கு இந்தப் பிரிவு மிகவும் பிடிக்கும். ரகசியம் வேண்டுமா, வைத்துக்கொள். ஆனால் பெயரை மறைத்தால் அந்த இடத்தில் உன் பெயரை எழுதிக்கொள்வோம். 1872-ல் எழுதியவர்களுக்கு வியாபாரிகளை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஏல நிறுவனங்களின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் போனால் சரியாக இராது. ஆயிரக்கணக்கான பொருட்கள் வருகின்றன. நூறு வருஷத்துக்கு முன்பு பாட்டன் வாங்கியது என்று ஒருவர் சொன்னால் எப்படிச் சோதிப்பது? பழைய காலத்தில் நேர்மையாக வாங்கிப் போனவையும் இருக்கத்தான் செய்கின்றன. சட்டமும் எப்போதும் பறிகொடுத்தவர் பக்கம் நிற்பதில்லை. இங்கிலாந்தில் திருட்டுப் பொருளை ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கி 6 வருஷம் கடந்துவிட்டால் பழைய சொந்தக்காரரின் உரிமையே அற்றுப்போகும். இன்னொரு சங்கடம் நம் சிவில் நடைமுறைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒரு பொருளுக்கு இரண்டு பேர் உரிமை கொண்டாடினால், கையில் வைத்திருப்பவர் ‘நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று இருவரையும் கோர்ட்டுக்கு இழுக்கலாம். ஆனால் ஏஜென்ட் தன்னை நியமித்தவரை அப்படி இழுக்கக் கூடாது என்று 35-ஆவது கட்டளை தடுக்கிறது. அங்கே கொடுத்திருக்கிற உதாரணமும் நகைப்பெட்டியை ஏஜென்ட்டிடம் கொடுத்துவைத்த கதைதான். நாணயமான ஏலக்காரருக்கு இது தர்மசங்கடம். இந்தத் தடையைத் திருத்த வேண்டும் என்பது என் கட்சி.

அதே சமயம், பறிகொடுத்தவருக்கு ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஒப்படைத்த பொருளுக்கு வேறொருவர் உரிமை கோரினால், பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் நிறுத்திவைத்து உரிமையைத் தீர்மானிக்கும்படி அவர் கோர்ட்டைக் கேட்கலாம் என்கிறது ஒப்பந்தச் சட்டம் 167. சாமி எப்படிக் கோர்ட்டுக்குப் போகும் என்று கேட்காதீர்கள். போயிருக்கிறது. தஞ்சைப் பகுதி பத்தூர் விசுவநாத சுவாமி கோயில் நடராஜர் 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்து, கை மாறி லண்டன் போனார். 1982-ல் பம்பர் என்ற கனடா கம்பெனி வாங்கியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் பழுது பார்க்கக் கொடுத்திருந்தபோது போலீஸ் பறிமுதல் செய்தது. 1988-ல் லண்டன் நீதிமன்றம் கோயிலுக்கே மேலான உரிமை என்றது. இடிந்து கிடந்த கோயில் ஒன்று இங்கிலாந்து கோர்ட்டில் வழக்காடலாமா என்று கம்பெனி அப்பீல் போனது. ஆடலாம் என்று 1991-ல் தீர்ப்பானது. நடராஜர் ஊர் திரும்பினார்.

எனவே என் கருத்து இதுதான். விற்பவருக்கு விசுவாசம் என்பது, தன்னுடையதை விற்பவருக்குக் காட்ட வேண்டிய விசுவாசம். பிறர் உடைமையைக் கொண்டுவந்தவருக்கு அதைக் காட்ட எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆகையால் இந்தியத் தொல்பொருளை ஏலம் விடும் எந்த நிறுவனமும் மூன்று காரியம் செய்தாக வேண்டும் என்று நம் அரசு விடாமல் வற்புறுத்த வேண்டும்.

முதலாவது, ஒரே ஒரு காகிதத்தைக் கேட்க வேண்டும்: ஏற்றுமதி உரிமம். 1947-லேயே தொல்பொருள் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. 1972-ஆம் வருஷத்துச் சட்டம் 1976-ல் அமலுக்கு வந்து இன்னும் இறுக்கிவிட்டது. பாட்டன் காலத்தில் போனது என்றால் அதற்கான பழைய ரசீதோ, கப்பல் காகிதமோ, புகைப்படமோ காட்டட்டும். அதற்குப் பிறகு போனது என்றால் உரிமம் காட்டட்டும். இரண்டும் இல்லாத சிலையை மேடையில் ஏற்றக் கூடாது. இதற்கு ஸ்பெஷலிஸ்ட் அறிவு தேவையில்லை. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும்போது ஆர்.சி. புக் கேட்பது மாதிரித்தான்.

இரண்டாவது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் தமிழ்நாட்டுச் சிலை எதையும் விற்கக் கூடாது. திருமங்கையாழ்வாரையும் கல்லிடைக்குறிச்சியாரையும் காட்டிக்கொடுத்தவை அந்தப் படங்கள்தான். விலையில் பங்கு வாங்குபவர், ஒப்பிட்டுப் பார்க்கும் செலவை ஏற்பதில் என்ன தவறு?

மூன்றாவது, உரிமை கோரி ஒரு கடிதம் வந்தால், பொருளையும் பணத்தையும் அப்படியே நிறுத்திவைக்க வேண்டும். ஏலத்திலிருந்து விலக்கிவிட்டோம் என்று அறிவித்துவிட்டுச் சத்தமில்லாமல் விற்பவரிடமே திருப்பிக் கொடுத்தால், அடுத்த முறை அது வேறு வாசல் வழியாகப் போகும், கண்ணிலேயே படாது. கோரியவர் 167-ஆவது பிரிவுக்கு ஒத்த வழியில் கோர்ட்டுக்குப் போக அவகாசம் கொடுக்க வேண்டும்.

பிப்ரவா ரத்தினங்கள் வந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆனால் நோட்டீஸ் அனுப்பியும் கடைசியில் பணம் கொடுத்துத்தானே வாங்க வேண்டியிருந்தது? உரிமை யாருக்கு என்ற கேள்வி தீர்க்கப்படாமலே போய்விட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு கோடீஸ்வரர் வருவார் என்று காத்திருக்க முடியாது. அத்தாளநல்லூர் துவாரபாலகருக்கோ ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஒரு சின்னக் கிராமத்து அம்மனுக்கோ யார் ஏலத்தில் கை தூக்குவார்கள்?

நம் பங்கையும் சொல்ல வேண்டும். ஏல நிறுவனத்தின் வக்கீல் முதலில் கேட்பது இரண்டு: திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். இருக்கிறதா? கோயிலில் இருந்ததற்குப் படம் இருக்கிறதா? 1958-ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து படம் எடுத்ததால்தான் கல்லிடைக்குறிச்சி நடராஜர் வீடு திரும்பினார். நாமே எடுத்து வைத்த படம் என்று ஒன்று எத்தனை கோயிலுக்கு இருக்கிறது?

இதைப் படிக்கிற பலருக்கும் சொந்த ஊர்க் கோயில் ஒன்று இருக்கும். ஆற்றங்கரையில் இருக்கும், ஒரு கால பூஜை நடக்கும், குருக்கள் நாலு கோயிலைப் பார்ப்பவராக இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, உற்சவர் திருமேனிகளை முன்னும் பின்னும் படமெடுத்து, உயரம் அளந்து, பீடத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுத்து, தேதி போட்டு ஒரு பிரதியைக் கோயிலிலும் ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும் வையுங்கள். வீட்டு ஆல்பத்தில் பழைய கும்பாபிஷேகப் படம், சப்பரப் படம் இருந்தால் கரையான் அரிக்கவிடாமல் ஸ்கேன் செய்து வையுங்கள். பேரப் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள்.

நாளைக்கு லண்டனிலோ ஹாங்காங்கிலோ ஓர் ஏலக்காரர் சுத்தியலைத் தூக்கும்போது அவர் முன்னால் போட வேண்டிய காகிதம் அதுதான். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.